ஈரப்பதம் இருபத்திரண்டு

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன்.
வந்தார் பக்கிரிசாமி,
கணுக்காலில் காய்ந்த சேறும்
பன்னிரண்டு ராத்திரித் தூக்கம் தேங்கிய கண்ணுமாய்.
கொள்முதல் நிலையத்து வாசலிலேயே கிடக்கிறாராம்.
தை மாசத்தில் இப்படியா கொட்டும்,
தார்ப்பாய் நாற்பது மூட்டைக்குத்தான் எட்டியது
என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார்.

ஊசி. ஒரு சொட்டு.
மீட்டர் ஐந்து நொடி யோசித்துவிட்டுச் சொன்னது
இருநூற்றுப் பன்னிரண்டு.

"அங்கயும் மெஷின்தான்.
ஒரு பிடி நெல்லப் போட்டதும் சொல்லிடுச்சு,
ஈரப்பதம் இருபத்திரண்டுன்னு.
பதினேழுக்கு மேல வாங்க மாட்டாங்க.
ஒங்க மெஷின் எத்தன வரைக்கும் வாங்கும்?"

வலங்கைமான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
ரத்தம் எடுப்பது என் வேலை, பாடம் எடுப்பதல்ல.
ஆனாலும் மனுஷர் விடவில்லை.
"ராத்திரி பச்சத்தண்ணிதான் குடிச்சேன்.
இவ்ளோ சர்க்கர எங்கேர்ந்து வந்துச்சு?"

ஈரலில் ஒரு பத்தாயம் இருக்கிறது என்றேன்.
கிளைக்குள் கிளையாய்ச் சர்க்கரையைக் கோத்து
அடைத்து வைத்திருக்கும்.
பட்டினி என்று தெரிந்தால்
கிளை நுனிகளை உதிர்த்து அளந்து அனுப்பும்.
உங்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே அளக்கிறது.
அளந்தது போய்ச் சேர வேண்டுமே.
ஒவ்வொரு செல்லின் வாசலிலும் கதவு சாத்தியிருக்கிறது,
திறந்துவிட ஆள் வரவில்லை...

"லாரி வரலேங்கிறீங்க."

ஆமாம்.
உள்ளே பசி.
வெளியே மூட்டை மூட்டையாய் நனைகிறது.
இரண்டு வருஷம் படித்த டிப்ளமோவில்
இன்சுலினை எனக்கு யாரும்
இத்தனை சுருக்கமாய்ச் சொன்னதில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்து
என் மேசையில் வைத்தார்.
நெல். ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் முளை,
அரை அங்குலம்.
"இதுக்கும் டெஸ்ட் இருக்கா?"

இருந்தது. சளிச் சாயத்துக்கு வைத்திருக்கும் அயோடின்.
உமியை நகத்தால் உரித்துக்கொண்டே
என்னையறியாமல் பேசிக்கொண்டிருந்தேன்:

அதே சர்க்கரைதான்.
உங்கள் விரல் நுனியில் இருந்த அதே ஆறு கரியணு.
எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக் கைகோத்தால்
சுருள் சுருளாய் அரிசி.
ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாய்க் கோத்தால்
விறைத்து நிமிர்ந்த வைக்கோல்.
ஒரு கை புரண்டதில்தான்
சோறு வேறு கூரை வேறு ஆனது.
நமக்குப் பின்னதைப் பிரிக்கத் தெரியாது.
மாட்டுக்கும் தெரியாது,
அது வயிற்றுக்குள் கோடி ஆட்களைக் கூலிக்கு வைத்திருக்கிறது.

"அப்ப எனக்கும் மாட்டுக்கும் ஆள் கணக்குதான் வித்தியாசம்."

சிரிக்கவில்லை அவர். நானும்.

நாற்றங்காலா, தார் போட்ட களமா
நெல்லுக்கு எப்படித் தெரியும்?
ஈரம் தொட்டது, பூட்டைத் திறந்துவிட்டது.
சுருளை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கி
வேர் பிடிக்கும்வரை முளைக்குக் கட்டுச்சோறு.
நடுவதற்கு யாரும் வரப்போவதில்லை என்பது
அதன் கணக்கில் இல்லை.

நசுக்கிய மணிமேல் ஒரு சொட்டு விட்டேன்.
ஒரு கோடியில் கருநீலம் குபீரென்று ஏறியது.
முளைப்பக்கம் மட்டும்
ஆறிய தேத்தண்ணி நிறத்திலேயே நின்றது.

"பாதி நிக்குது" என்றேன்.
"பாதிக்கு வெல உண்டா?"
அதற்கு என்னிடம் சாயம் இல்லை.

ஒரு மணியை வாயில் போட்டு மென்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
யாரையோ காட்டிக்கொடுப்பவர்போல் மெதுவாய்
"இனிக்குது" என்றார்.
"இத நான் திங்கலாமா கூடாதா?"

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து
மறுபடி வரச் சொல்லி அனுப்பினேன்.
பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று.
கண்ணாடித் துண்டில் நீலம் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அவர் வரவில்லை.
லாரி வந்துவிட்டதாக
வரிசையில் யாரோ சொன்னார்கள்.